நீலம் வரும் வீடு

நெட்டுக்குப்பத்தில் பக்தவச்சலத்தின் வீட்டுக் கம்ப்யூட்டர் கிராஷ் ஆனால், அந்த வீட்டில் வடித்த சோறு மறுபடி அரிசியாகிவிடும். சோறு மட்டுமல்ல, கம்ப்யூட்டரில் கடைசியாக சேவ் அடித்ததற்குப் பிறகு அந்த நான்கு சுவருக்குள் என்னென்ன நடந்ததோ அத்தனையும் நடக்காததாகிவிடும். உரித்த இறால் ஓட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். துவைத்துக் கொடியில் போட்ட புடவை அழுக்கோடு மூலையில் கிடக்கும். அரிவாள்மனை வெட்டிய விரலில் காயம் இருந்த இடம் தெரியாது, சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்களுக்குப் பசி எடுக்கும். நடந்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இதில் இருக்கிற பெரிய கொடுமையே அதுதான். சேவ் அடித்த பிறகு வெளியிலிருந்து வந்தவர்கள், கொண்டுவந்த சாமானோடு வாசலுக்கு வெளியே செருப்பு மாட்டிய காலோடு நிற்பார்கள். வெளியே போய்விட்டவர்களை அது ஒன்றும் செய்யாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. தன் தூசியையும் துருவையும் அது தன்னோடே வைத்துக்கொண்டது. கரண்ட் போனாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ ஒன்றும் ஆகாது. அதுவாக விழ வேண்டும், திரை முழுக்க நீலமாகி அந்த நீலத்தில் ஒரு சோக முகம் வர வேண்டும். தெருவில் இதற்கு 'நீலம் வந்துடுச்சு' என்று பேர்.

கம்ப்யூட்டர் பக்தவச்சலத்தின் ஒரே மகள் கார்குழலியுடையது. ரிச்சி தெருவில் பழைய பாகங்களைக் கூட்டிச் சேர்த்து வாங்கியது. குழலி திருவொற்றியூரில் டிசைனிங் படித்துவிட்டு, ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எண்ணூர் முதல் தண்டையார்பேட்டை வரை ஒரு ஆளின் வாழ்க்கை முழுவதும் அவள் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பக்தவச்சலம் கழிமுகத்தில் இறால் பிடித்தவர். ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு தட்டி இறால் போன பிறகு, கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேனாகப் போனார். இறால் போனாலும் சாம்பல் போகவில்லை. கொடியில் காயும் துணியில், குடத்துத் தண்ணீரில், மனிதர்களின் புருவத்தில் அது தினமும் விழுந்தது. பக்தவச்சலத்துக்கு மூச்சிரைப்பு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவின் மருந்தும் வீட்டு அரிசியும் அந்தக் கம்ப்யூட்டர் விழாமல் நிற்பதில்தான் இருந்தன. அதுவோ பெரிய பேனர் ஒன்றைத் திறந்தாலே விழுந்தது. ஒரு நாள் வேலை போவதோடு, அந்த வேலை முடியட்டும் என்று காத்திருந்து சாப்பிட்ட சாப்பாடும் போனது.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். வாசல் கதவை ஒட்டித்தான் கம்ப்யூட்டர் மேஜை. உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கீபோர்டில் அமுக்க வேண்டிய இரண்டு பட்டன்கள் மேலும் குழலி சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்தாள். அடுப்பை அணைத்தால் இரண்டு சிவப்பையும் சேர்த்து ஒரு அமுக்கு. தலை துவட்டினால் ஒரு அமுக்கு. மீன் கழுவி முடித்தால் ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு ஒரு அமுக்கு. எந்த வீட்டிலும் ஒரு வேலை முடிந்தால் அப்பாடா என்பார்கள், இந்த வீட்டில் சேவ் அடித்தார்கள். மறந்துபோகிறவள் குழலியின் அம்மா சொக்கம்மாள்தான். பொங்கலுக்கு ஒரு பகல் முழுக்க வெள்ளையடித்துவிட்டு, அடித்த சந்தோஷத்தில் அவள் அமுக்க மறந்தாள். நீலம் வந்தது, சுவர் பழைய சாம்பல் நிறத்துக்குப் போனது. இன்னொரு முறை, காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் யார்டில் வெல்டராக இருந்த பையனின் வீட்டார் குழலியைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று பையனின் அம்மா வாய்விட்டே சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓடிப்போய் சேவ் அடிக்க வேண்டாமா? சொக்கம்மாள் வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனாள். அதற்குள் நீலம் வந்து, வந்தவர்கள் எல்லோரும் வாசலில் வெறும் வயிற்றோடும் செருப்போடும் நின்றார்கள். பையனின் அம்மா கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறியவள் திரும்பி வரவே இல்லை. "ரெண்டு பட்டன அமுக்க ஒரு ஆளுக்கு இன்னாம்மா வலிக்குது?" என்று குழலி அழுதாள். அன்றிலிருந்து சொக்கம்மாள் மறக்கவில்லை. அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே போய்வரப் பழகிக்கொண்டன.

கம்ப்யூட்டரைப் பார்க்க பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து சுஹைப் வந்தான். ரிப்பேர் கடை வைத்திருந்தவன், பேச்சு குறைவு, பொறுமை அதிகம். முதலில் அதைக் கடைக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் ஓடவிட்டான். அங்கே அது ஒரு தடவைகூட விழவில்லை. பல்வலியோடு டாக்டரிடம் போனால் அங்கே வலியே இருக்காது அல்லவா, அந்தக் கதைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் விழுந்தது, சுஹைப் வாசலில் நின்றான். "இது வூட்டோட நோவு பாய், மிஷினோட நோவு இல்ல" என்றார் பக்தவச்சலம். சுஹைப் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருக்கிறதெல்லாம் மிஷினுக்குள்ளும் இருக்கும் என்றான். அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுக் காத்திருந்து பார்க்க வேண்டும். ஐந்தை ஒரேயடியாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாது. கேஸைத் திறந்தபோது உள்ளே ஃபேன் இறக்கைகளில் சாம்பல் அடை அடையாக அப்பிக்கிடந்தது. ஊதி எடுத்தான். மெமரியைக் கழற்றி, உப்புக்காற்றில் கறுத்த அதன் பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினான். சிப்பின் மேல் காய்ந்துபோன, சூடு கடத்தும் பேஸ்டை வழித்துப் புதுசு தடவினான். பவர் சப்ளையை மாற்றினான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் பிறகு சில நாட்கள் தாங்கும், வீட்டார் முகத்தில் வெளிச்சம் வரும், பிறகு ஒரு மத்தியானம் குழம்பு கொதிக்கிற நேரத்தில் நீலம் வரும். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. பழுது கண்டுபிடிக்கிற வேலையைப் போல நம்பிக்கையைக் கொல்லுகிற வேலை வேறு இல்லை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று தோன்றும், அது கடைசியாக இருக்காது.

இதற்கு நடுவில் பக்தவச்சலம் ஒரு தடவை செத்தார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு இரைப்பு பிடித்து, பம்பு மருந்தும் கேட்காமல், உதடு நீலம் பாரித்து, சொக்கம்மாள் மடியிலேயே மூச்சு நின்றது. குழலி தலையிலடித்துக்கொண்டு அலறினாள். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் விழுந்தது. கடைசியாக சேவ் அடித்தது அவர் டீ குடிக்கும்போது. பக்தவச்சலம் சுவரில் சாய்ந்து, கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். டீயில் ஆவி பறந்தது. இந்த முறை இரைப்பு வருவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பிழைத்துவிட்டார். செத்தபோது எப்படி இருந்தது என்று தெருவே அவரைக் கேட்டது. "ஒண்ணியும் இல்ல. மூச்சு நல்லா வந்துச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து சொக்கம்மாள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சொக்கம்மாள், இனி அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது, அது விழுகிறபடி விழட்டும் என்றாள். குழலியும் சரி என்றாள். அப்பாவின் உயிருக்கு முன்னால் பேனர் என்ன பெரிய பேனர்? ஆனால் கெடு தவறித் தவறி, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சித்தப்பா முறை உள்ள ஒருவரே தன் பெண்ணின் கல்யாண பேனரை வெளியே கொடுத்துவிட்டு, தெருவில் எதிரே வந்தால் செல்போனில் பேசுவதுபோல் நடித்தார். பக்தவச்சலம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, வண்ணாரப்பேட்டை மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சுஹைப்பின் கடைக்குப் போனார். "என் மூச்ச காட்டி என் பொண்ணு பொழப்ப கெடுத்துகினு கீறாங்க பாய். எனுக்கு ஒரு தபா செத்தா போதும், தெனம் சாவ வேணாம். நீ வந்து சரி பண்ணிக் குடு" என்றார். சுஹைப் தண்ணீர் கொடுத்தான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அவரை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான்.

இந்த முறை அவன் வீட்டையும் சேர்த்துப் பார்த்தான். சுவரில் மூன்று ஓட்டைப் பிளக் இருந்தது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த் இல்லாத வீடு. கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, செப்புத் தகட்டைப் புதைத்து எர்த் கொடுத்தான். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் நிற்கிற மண் அது, எர்த் அருமையாகப் பிடித்தது. கடைசியாக, கம்ப்யூட்டருக்குள் காற்று போகிற வழிக்கெல்லாம் சொக்கம்மாளின் பழைய, மெல்லிய வாயில் புடவையைக் கிழித்து இரண்டு மடிப்பாக ஒட்டினான். வாரம் ஒரு முறை துணியை அவிழ்த்து உதறினால் போதும், சாம்பல் உள்ளே போகாது என்றான். பக்தவச்சலம் சிரித்தார். "மிஷினுக்கு மூக்குத்துணி கட்டிட்ட. சோக்கா கீது" என்றார். எங்களுக்கு யாரும் கட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்தக் கரையில் அதை யார் சொன்னாலும் கேட்கிற காது இல்லை என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் நின்றது. மே மாத வெயிலிலும் நின்றது, புயல் வந்து வோல்டேஜ் ஆடியபோதும் நின்றது. சமைத்த சோறு சோறாகவே வயிற்றுக்குள் போனது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள். போன வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள், குழலி புதிதாக ஒரு மானிட்டர் வாங்கினாள். சித்தப்பா முறைக்காரர் பேரனின் காதணி விழாவுக்கு அவளிடமே வந்தார். அவளும் ஒன்றும் நடக்காததுபோல பேனரில் அவருக்கு மீசையைக் கறுப்பாக்கிக் கொடுத்தாள். சேவ் அடிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. தேவையில்லை என்று தெரிந்தும், வீட்டார் மேஜையைத் தாண்டும்போது கை அதுபாட்டுக்குப் போனது. பக்தவச்சலத்தின் நெஞ்சு மட்டும் மாதத்துக்கு மாதம் மோசமானது. அவர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, மகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஆவணி மத்தியானம் அவருக்கு மறுபடி பிடித்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு குழலி மெயின் ரோட்டுக்கு ஓடினாள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற ரோட்டில் ஆம்புலன்ஸின் சத்தம் மட்டும் தூரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது, வண்டி வரவில்லை. அவள் ஓட்டுநரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தபோது, சொக்கம்மாள் வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பாயில் தலையணை மேல் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

குழலி அழவில்லை. அவள் பார்த்தது கம்ப்யூட்டரைத்தான். சுஹைப்புக்குப் போன் போட்டு, "பாய், நைனா போய்ட்டாரு. நீ வந்து மிஷின கெடு" என்றாள். சுஹைப் வந்தான். உள்ளே ஒப்பாரி, வாசலில் ஷாமியானா, தெருமுனையில் மேளம். இதற்கு நடுவே அந்த இரண்டு பேரும் மேஜையடியில் உட்கார்ந்து, தாங்கள் சேர்ந்து சரி செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்குத்துணியைப் பிய்த்தார்கள். மாடியிலிருந்து சாம்பலை முறத்தில் அள்ளிவந்து ஃபேனில் தூவினார்கள். எர்த் ஒயரை அறுத்தார்கள். சுஹைப் மெமரியைப் பாதி வெளியே இழுத்து, விழுந்தும் விழாமலும் நிற்கிற பல்லைப் போல ஆடவிட்டான். வெறும் சூட்டினால் அது அணைந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை, தடுமாறி விழ வேண்டும். அதுவோ அசையவில்லை. ஒரு மனிதன் தன் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க வேண்டாம் என்று சுஹைப்புக்குத் தோன்றியது. அவன் தேம்பிக்கொண்டே ஸ்க்ரூ கழற்றினான். உடம்பைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்தார்கள். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். வீட்டை விட்டு வெளியே போய்விட்டால் பிறகு எந்த நீலம் வந்தும் பயனில்லை என்பது குழலிக்குத் தெரியும். அப்பாவின் போட்டோ ஒன்றைத் திறந்தாள். அதை அஞ்சலி பேனராக வைத்துப் பெரிதாக்கினாள். வாசல் அளவு, தெரு அளவு, பிறகு எண்ணூர் ரோட்டின் நீளத்துக்கு. திரையில் முதலில் அவருடைய முகம் இருந்தது, பிறகு ஒரு கண், பிறகு கண்ணின் ஓரத்துச் சுருக்கம் மட்டும். மிஷின் இரைந்தது. பாடை வாசலுக்கு வந்தபோது நீலம் வந்தது.

வீடு நிறைய உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தெருவில் செருப்போடு நின்றார்கள். கொண்டுவந்த மாலைகள் கட்டிய பொட்டலமாக அவரவர் கையில் இருந்தன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், எப்போதோ திரும்பிப் போய்விட்டவர், நல்லவேளையாக அங்கே இல்லை. குழலியும் சுஹைப்பும் வாசலில் நின்றார்கள், ஒரே நேரத்தில் உள்ளே ஓடினார்கள். பக்தவச்சலம் பாயில் தலையணை மேல் படுத்திருந்தார். உடம்பில் ஈரம் இல்லை, நெற்றியில் காசு இல்லை. கண்கள் மூடியிருந்தன, மூச்சு இல்லை. சொக்கம்மாள் கம்ப்யூட்டர் மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இடது கையின் இரண்டு விரல்கள் அந்த இரண்டு சிவப்புப் பட்டன்களின் மேல் இருந்தன.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மடியில் அவர் மூச்சு நின்றதும், தலையைத் தலையணையில் வைத்து, கண்ணை மூடிவிட்டு, தெருவைக் கூப்பிட எழுந்து போயிருக்கிறாள். ஒரு வேலை முடிந்தது. மேஜையைத் தாண்டும்போது கை போயிருக்கிறது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன இருக்கிறது, மறக்காதே மறக்காதே என்று அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்கள் இவர்கள்தானே. குழலி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சொக்கம்மாள் மெல்ல வந்து புருஷனின் கையை எடுத்தாள். எடுத்தவள் விடவில்லை. "சூடா கீது" என்றாள். மூச்சு நின்று ஒரு நிமிஷம்கூட ஆகாத உடம்பு அது, சூடாகத்தான் இருக்கும். இரவில் கை சில்லிட்டபோது அவள் சுஹைப்பைப் பார்த்து, "பாயி, இன்னொரு தபா விழ வையி" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் உடலை எடுக்கவிடவில்லை. பெரியவர்கள் இரண்டு மூன்று முறை பாடையோடு வந்தார்கள். வாசலின் குறுக்கே படுத்துக்கொண்டாள். அவளைத் தூக்கி ஓரமாக வைத்தால், அதற்குள் நீலம் வந்து அவர்கள் தெருவில் நின்றார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள், ஊரில் வேறு வேலை இல்லாமலா இருக்கிறது. மெமரி ஆடியபடியே இருந்தது, எர்த் அறுந்தபடியே இருந்தது. வெயில் ஏறி வீடு கொதிக்கும்போது, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு முறை தவறாமல் மிஷின் விழுந்தது. பக்தவச்சலம் தினமும் அப்போதுதான் செத்தவராக இருந்தார். நாற்றமில்லை, ஈயில்லை. சொக்கம்மாள் வாசல்படி தாண்டாததால் அவளுக்கும் அதே கதிதான். காலையில் சாப்பிட்டது மத்தியானம் வயிற்றில் இருக்காது, அவர் செத்த அன்றைக்கு அவள் சாப்பிடாமல் இருந்த பசி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு ஒரு நரைகூடக் கூடவில்லை. சேவ் அடிக்கக் கூடாது என்றால் குழலிக்கு வீட்டில் வேலை செய்ய வழியில்லை. திருவொற்றியூரில் ஒரு பேனர் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள், அப்பா எதற்காக மாடிப்படி ஏறினாரோ அது அவரோடு பாயில் கிடந்தது. சுஹைப் மாதம் ஒரு முறை வந்து, மிஷின் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். வாழ்க்கையில் இப்படி ஒரு சர்வீஸ் செய்வேன் என்று நினைக்கவில்லை என்று ஒரு முறை சொன்னான், பிறகு அதையும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கை சில்லிட்டுக் கிடந்த நேரத்தில், குழலி மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு விரலையும் சிவப்பின் மேல் வைத்தாள். அமுக்கினால் முடிந்தது. அப்பா சில்லிட்டவராகவே இருப்பார், மறுநாள் கெட ஆரம்பிப்பார், எடுத்துத்தான் ஆக வேண்டும். அம்மாவும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டி, வயசாகி, அழுது, தேறி எழுவாள். நைனா இதைத்தானே கேட்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொக்கம்மாள் தடுக்கவில்லை, அருகில்கூட வரவில்லை. பாயோரத்தில் குந்தியிருந்தபடி, "அமுக்குடீ. நானும்தான் அமுக்கினேன். அமுக்கினப்புறம் எப்டி இருக்கும்னு நீயும் பாரு" என்றாள்.  குழலி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. குழலிக்குக் காதோரம் நரைத்தது. பெண் கேட்டு வருவது நின்றுபோனது. கரண்ட் ரீடிங் எடுப்பவர் காலையிலேயே வந்துவிட்டுப் போனார், மத்தியானம் வந்தால் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது என்றார். வெளியூர் ஆட்கள் கேட்டால், அது நீலம் வரும் வீடு, உள்ளே ஒருவர் செத்துக் கிடக்கிறார், இப்போதுதான், என்று தெருவில் சொன்னார்கள். போன மாசி மாதம் சுஹைப் கேஸைத் திறந்து பார்த்துவிட்டு, போர்டில் துரு ஏறிவிட்டது, இனி கொஞ்ச நாளில் இது விழக்கூட விழாது, ஒரேயடியாக அணைந்துவிடும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவனுக்கும் வயதாகியிருந்தது. அணைந்துவிட்டால் யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை, யார் மேலும் பாவம் இல்லை. குழலி அவனை வாசலுக்கு வெளியே கூட்டிப்போனாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "ரிச்சி தெருவுல இந்த போர்டு இன்னும் கெடைக்குமா பாய்? பழசா இருந்தாலும் பரவால்ல, கெட்டுப்போனதா பாத்து வாங்கிட்டு வா" என்றாள். சுஹைப் தலையைக் குனிந்துகொண்டு, தேடிப் பார்க்கிறேன் என்றான். அவன் பைக் தெருமுனை திரும்பியது. உள்ளே மிஷின் இரைகிற சத்தம் கேட்டது, நீலம் வந்தது. சொக்கம்மாள் மேஜையருகே, விரல்கள் பட்டனில் இருக்க நிற்பதும், பிறகு பாய்ப்பக்கம் திரும்புவதும் கதவு வழியாகத் தெரிந்தது. குழலி செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாக உள்ளே போனாள். அம்மா வலது கையை எடுத்துக்கொண்டாள், இவள் இடது கையை. நன்றாகச் சூடாக இருந்தது.